மணல் முதல் மின்திரை வரை

சென்ற தவணை விடுமுறைக்கு முந்திய நாள், எமது கல்லூரியின் பண்டக அறையைத் துப்புரவு செய்து அங்குள்ள பொருள்களுக்குக் கணக்கெடுக்கும் பணி எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. கணிதம் கற்பிக்கும் ஆசிரியனுக்கு எண்ணிக் குறிக்கும் வேலை பொருந்தும் என்று அதிபர் அவர்கள் கருதினார்கள் போலும். பத்தாம் தரத்து மாணவர் அறுவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பூட்டைத் திறந்தோம். அடைபட்டுக் கிடந்த அறையின் ஈரவாடை முகத்தில் வந்து மோதியது.

அக்குறணையை அறிந்தவர்களுக்கு இந்த ஈரம் புதிதன்று. கண்டியிலிருந்து மாத்தளை நோக்கிச் செல்லும் ஏ 9 நெடுஞ்சாலையில், கட்டுகஸ்தோட்டையைக் கடந்து சிறிது தூரம் சென்றதும், இரு மருங்கும் கடைகள் நெருங்கி நிற்கும் ஊர் இது. ஊரை ஒட்டிப் பிங்கா ஓயா ஓடுகின்றது. மலையில் பெருமழை பொழிந்தால் ஓயா கரைமீறும். கடைவீதியில் நீர் புகும். வணிகர்கள் சரக்குகளை மேற்தட்டுக்கு ஏற்றுவார்கள். எமது பண்டக அறையிலோ ஏற்றுவதற்கு ஆளில்லாத பொருள்கள் தரையிலேயே கிடந்து நனைந்து உலர்ந்து பழகிவிட்டன.

ஒவ்வொன்றாக வெளியே எடுத்து முற்றத்தில் வைத்தோம். சுருட்டிய தேசப்படங்கள் ஐந்து. கரும்பலகையில் வட்டம் வரையும் பெரிய மரக்கவராயம் ஒன்று. கையால் சுழற்றிப் படியெடுக்கும் ரோணியோ இயந்திரம் ஒன்று. வானொலிப் பெட்டி ஒன்று. ஒலிநாடாக் கருவி இரண்டு. கண்ணாடித் தாளில் எழுதியதைச் சுவரில் ஒளியாகப் பெருக்கிக் காட்டும் கருவி ஒன்று. தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று. முதுகு பருத்த கணினித் திரைகள் நான்கு. இவற்றுக்கெல்லாம் அடியில், பிரிக்கப்படாத வெண்கட்டிப் பெட்டிகள் இரண்டு.

முற்றத்தில் வரிசையாக நின்ற பொருள்களை ஒரு மாணவன் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு எம்மை நோக்கி, “சேர், இந்தச் சாமான்களில எது நல்லாப் படிப்பிச்சது?” என்று கேட்டான்.

மற்றவர்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்து, “முதலில் தூசியைத் தட்டு, தம்பி” என்று சொல்லித் தப்பித்துக்கொண்டோம். ஆனால் அன்று மாலை மாத்தளைப் பேருந்தில் வீடு திரும்பும்போது அந்தக் கேள்வியும் எம்முடன் ஏறி உட்கார்ந்துகொண்டது. இருபது ஆண்டுகளாகக் கற்பித்து வரும் எமக்கு அதற்கு விடை தெரிந்திருக்க வேண்டும் அன்றோ? வாசகர்களோடு சேர்ந்து அந்த விடையைத் தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எம்முடைய முதற் கருவி எதுவென்று எண்ணிப் பார்த்தோம். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் ஒரு விசயதசமி நாளில் எமக்கு ஏடு தொடக்கினார்கள். தாம்பாளத்தில் அரிசி பரப்பியிருந்தது. எமது வலக்கைச் சுட்டுவிரலை மற்றொரு கை பற்றியிருந்தது. அரிசியின் குறுகுறுப்பும், எம் கையைப் பற்றிய பெரிய கையின் சூடும் இன்றும் நினைவிலிருக்கின்றன. எழுதிய எழுத்து மறுகணமே அரிசியோடு கலந்துவிட்டது.

இன்று சடங்காக எஞ்சியிருக்கும் இதுவே நம் முன்னோரின் திண்ணைப் பள்ளிகளில் அன்றாடப் பாடமாக இருந்தது. அரிசிக்குப் பதில் மணல். பிள்ளை மணலில் விரலால் எழுதும். தவறினால் உள்ளங்கையால் தடவிவிட்டு மறுபடி எழுதும். கை பழகிய பின்னரே பனையோலையும் எழுத்தாணியும் தரப்படும். ஓலையில் கீறியது கீறியதுதான், அழிக்க இயலாது. ஆகையால் பிழைவிட்டுப் பழகுவதற்கு ஓரிடம் வேண்டியிருந்தது. அந்த இடமே மணல். இஸ்லாமிய நாடுகள் பலவற்றின் குர்ஆன் பள்ளிகளிலும் இதற்கு ஒப்பான வழக்கம் உண்டு. மரப்பலகையில் மையால் எழுதி ஓதுவர். பாடம் மனத்தில் பதிந்தபின் பலகையைக் கழுவி அடுத்த பாடத்தை எழுதுவர். மணலோ, கழுவிய பலகையோ, செலவு என்று எதுவுமில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் அதே மணல்தான்.

இந்த மணல் கடல்கடந்து சென்ற கதை சுவையானது. அன்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார் 1789 ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில், படைவீரரின் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதி ஒன்றின் பொறுப்பை ஏற்றார். ஒருநாள் அவர் நாட்டுப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அக்காலத்து ஆங்கிலேயர் தமிழரை மலபாரிகள் என்று அழைத்தமையால், அவரும் அதை மலபார்ப் பள்ளி என்றே குறித்தார். தம் விடுதியிலும் அவ்வாறே செய்யுமாறு ஆசிரியர்களைப் பணித்தார், அவர்கள் மனமொப்பவில்லை. உடனே பெல் ஜோன் பிரிஸ்கின் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துக் கற்பிக்கும் பொறுப்பை அவனிடம் கொடுத்தார். பெரியவர்கள் மறுத்ததைச் சிறுவன் செய்து காட்டினான்.

1797 இல் பெல் இலண்டனில் இதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் தம் இலண்டன் பள்ளியில் இதையொத்த முறையைக் கையாண்டு, எழுதப் பழகும் சிறுவருக்கு மணற் பலகைகளை வைத்தார். பெல் 1832 இல் காலமானபோது வெஸ்ற்மின்ஸ்ரர் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பிறந்த சென் அன்ரூஸ் நகரில் மட்ராஸ் கல்லூரி என்ற பெயரோடு ஒரு பாடசாலை இன்றும் இயங்குகின்றது. தமிழ்ச் சிறுவரின் விரற்றடம் அந்தப் பெயரில் இருக்கின்றதென்பது அங்கே பயிலும் பிள்ளைகளுக்குத் தெரியுமோ என்னவோ!

ஆயினும் கடல்கடந்த முறை அதே முறையாக நிலைக்கவில்லை. ஒரே மண்டபத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை அமர்த்தி, சட்டாம்பிள்ளைகளைக் கொண்டு நடத்தினால் ஓர் ஆசிரியரின் சம்பளமே போதும் என்ற கணக்கு அங்கே முதன்மை பெற்றது. பாடசாலை ஓர் ஆலைபோல இயங்கத் தொடங்கிற்று. பிள்ளைகள் மணியோசைக்கு எழுந்து மணியோசைக்கு அமர்ந்தார்கள். பொருள் விளங்கியதா என்று பார்க்க அருகில் எவருமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் அந்த முறை மெல்ல மெல்லக் கைவிடப்பட்டது. மணல் மட்டும் கப்பலேறியது. விரலைப் பற்றியிருந்த கை திண்ணையிலேயே நின்றுவிட்டது என்றுதான் எமக்குத் தோன்றுகின்றது.

மணலுக்கு அடுத்து அச்சுநூலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓலைச்சுவடிக் காலத்தில் நூல் என்பது பெரும்பாலும் ஆசிரியரின் நாவிலேயே இருந்தது. அவர் சொல்ல மாணவர் கேட்டு மனனம் செய்வர். ஈழத்தில் அந்த நிலையை மாற்றியவர்களுள் ஆறுமுக நாவலர் முதன்மையானவர். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய அவர், பாடசாலைக்கு நூல்கள் வேண்டும் என்று உணர்ந்தார். மறு ஆண்டே சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார். பிள்ளைகளின் தரத்துக்கேற்பப் பாலபாடங்களை எழுதி அச்சிட்டார். பாடசாலையும் அச்சுக்கூடமும் ஒன்றையொன்று தாங்கி நின்ற அந்த ஏற்பாடு இன்றைக்கும் நினைத்துப் பார்க்கத்தக்கது. வகுப்பிலுள்ள அனைவரும் ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் பார்க்கும் வசதி அச்சினால்தான் கைகூடிற்று.

ஆனால் நூலுக்கு விலை உண்டு. விலை கொடுக்க இயலாதவன் அடுத்தவனின் நூலை எட்டிப் பார்க்க வேண்டியதுதான். எமது தந்தையார் மாத்தளையில் ஒரு தையற்கடையில் வேலை செய்தவர். நாம் நால்வர் பிள்ளைகள். எமது தமையனார் முதலில் பாடசாலைக்குச் சென்ற காலத்தில், ஆண்டுத் தொடக்கத்தில் நூல் வாங்குவதற்காக அம்மாவின் காதுத்தோடு அடகுக் கடைக்குப் போய்வருமாம். 1980 இல் அரசாங்கம் பாடநூல்களை இலவசமாக வழங்கத் தொடங்கியது. நாம் பாடசாலை சென்றபோது நூல்கள் வகுப்பறைக்கே வந்து சேர்ந்தன. புதுநூலின் மணத்தை முகர்ந்து பார்த்து, பழைய நாட்காட்டித் தாளால் உறையிட்டுப் பெயர் எழுதிய மகிழ்ச்சி எமக்கு வாய்த்தது. அம்மாவின் தோடு காதிலேயே தங்கிற்று.

கரும்பலகையை நாம் மறந்துவிடலாகாது. எடின்பரோ நகரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புவியியல் கற்பித்த ஜேம்ஸ் பில்லான்ஸ் என்பவரை அதன் முன்னோடிகளுள் ஒருவராகக் குறிப்பிடுவர். பிள்ளையின் மடியிலிருந்த சிலேற்றைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியதுதான் கரும்பலகை என்று சொல்லலாம். கணித ஆசிரியனுக்கு இதைவிடச் சிறந்த நண்பன் கிடையாது. கேத்திரகணிதத் தேற்றம் ஒன்றை நிறுவும்போது கோடு ஒவ்வொன்றாகத்தான் தோன்றும். ஆசிரியன் எங்கே தயங்கினான், எதை அழித்து மீண்டும் எழுதினான் என்பதை வகுப்பு முழுவதும் காணும். மாணவன் ஒருவனை அழைத்து வெண்கட்டியைக் கையில் கொடுத்தால், அவனுடைய மனத்தில் எந்த இடத்தில் முடிச்சு விழுந்திருக்கின்றது என்பதும் பலகையில் தெரிந்துவிடும். மணலைப் போலவே இதுவும் பிழையை வெளிப்படுத்தி அழித்துத் திருத்தும் கருவி.

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றும் வரும்போது பெரும் முழக்கத்தோடுதான் வந்தது. தோமஸ் எடிசன் 1913 இல், சலனப்படம் வந்துவிட்டமையால் பாடசாலைகளில் நூல்களுக்கு விரைவில் வேலையிராது என்று உரைத்தார். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்டது. நூல்கள் இன்னும் எம் மாணவரின் முதுகை வளைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. இலங்கையில் வானொலி 1925 இல் கொழும்பிலிருந்து ஒலிக்கத் தொடங்கிற்று. பிற்காலத்தில் பாடசாலைகளுக்கென்றே நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின. ரூபவாஹினித் தொலைக்காட்சி 1982 இல் வந்தது. எமது பண்டக அறையிலுள்ள வானொலிப் பெட்டியும் தொலைக்காட்சிப் பெட்டியும் அந்த நம்பிக்கைகளின் எச்சங்களே.

இவற்றுள் மிகத் துணிச்சலான முயற்சி நம் அயல்நாடான இந்தியாவில் நடந்தது. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்காவின் ஏ.ரி.எஸ். 6 என்னும் செயற்கைக்கோளின் துணையோடு, ஆறு மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிப் பாடங்கள் நேரடியாக அனுப்பப்பட்டன. வானத்திலிருந்து வரும் அலையை வாங்குவதற்குக் கோழிக்கூட்டுக்கு அடிக்கும் வலைக்கம்பியால் பெரிய வட்டில்கள் செய்து நிறுத்தினார்கள். காலையில் பள்ளிச் சிறுவர்களுக்கும் மாலையில் ஊராருக்கும் நிகழ்ச்சிகள் நடந்தன. இப்படியொரு செயற்கைக்கோள் இயலும் என்பதை முன்னரே எழுதியிருந்த ஆதர் சி. கிளார்க் அப்போது கொழும்பில் வாழ்ந்துகொண்டிருந்தார். இந்தியப் பொறியியலாளர் அவருடைய இல்லத்திலும் ஒரு வட்டிலை அமைத்துக் கொடுத்தனர். ஓராண்டு முடிந்ததும் செயற்கைக்கோள் மீண்டும் அமெரிக்கப் பக்கத்துக்கு நகர்த்தப்பட்டது. வானத்துக் கருவி எவ்வளவு பெரிதானாலும் அது எவருடையதோ அவருடைய நாட்காட்டிப்படியே நடக்கும் என்பதை இதில் கண்டுகொள்ளலாம்.

இங்கே ஒரு பொருத்தத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கிளார்க் அந்தப் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டது 1945 ஒக்டோபரில். அதே ஒக்டோபர் மாதம் முதலாந் திகதிதான் இலங்கையில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெருமுயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஒன்று விண்ணையே பாடசாலைக்குக் கருவியாக்கும் கனவு. மற்றொன்று கட்டணத்தை நீக்கிக் கதவைத் திறந்துவிடும் சட்டம். தையற்கடைத் தொழிலாளியின் பிள்ளையாகிய எம்மைப் பேராதனைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுசென்றது எதுவென்று கேட்டால் எமக்கு ஐயமில்லை. அந்தச் சட்டத்திற்கு மின்சாரமும் தேவைப்படவில்லை.

நிற்க. வரலாற்றைச் சொல்லி எம்முடைய பிழையை மறைத்துக்கொள்ள விரும்பவில்லை. 2020 ஆம் ஆண்டுக்கு வருவோம்.

அவ்வாண்டு மார்ச் நடுப்பகுதியில் கொரோனாத் தொற்றினால் நாட்டின் பாடசாலைகள் அனைத்தும் மூடப்பட்டன. மாத இறுதியில் அக்குறணையில் நோயாளர் ஒருவர் கண்டறியப்பட்டதை அடுத்து, ஊர் முழுவதும் தனிமைப்படுத்தப்பட்டது. உள்ளே செல்லவும் வெளியே வரவும் தடை. மாத்தளையில் இருந்த நாம் எம் மாணவரிடமிருந்து துண்டிக்கப்பட்டோம். ஆகவே எல்லோரும் செய்ததை நாமும் செய்தோம். பத்தாம் தரத்து மாணவர் முப்பத்தைவருக்காக ‘வட்ஸ்அப்’ குழு ஒன்றை அமைத்து, பாடங்களை எழுதிப் படம்பிடித்து நாள்தோறும் அனுப்பினோம். கையிலிருந்த கருவியின் வேகத்தைக் கண்டு எமக்கே வியப்பாக இருந்தது. ஒரு விரலசைவில் முப்பத்தைந்து வீடுகளுக்குப் பாடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று எண்ணி மகிழ்ந்தோம்.

உண்மையில் எத்தனை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது? குழுவில் இணைந்தவர் இருபத்தெண்மர். விடைகளை ஒழுங்காக அனுப்பியவர் பதின்மூவர். அவர்களின் விடைகளுள் பல ஒரே எழுத்துக்கு எழுத்துச் சரியாக இருந்தன; ஒருவர் செய்ததை மற்றவர் பார்த்து எழுதியது தெளிவு. எங்கே பிழைவிடுகிறார்கள் என்பதை அறிய எமக்கு வழியில்லை. அங்கே மணலும் இல்லை, கரும்பலகையும் இல்லை. முடிந்த விடையின் படம் மட்டுமே இருந்தது.

அந்தக் குழுவில் ஒரு மாணவன் இருந்தான். கணக்கில் கூர்மையானவன். வகுப்பில் கரும்பலகைக்கு முதலில் ஓடிவருபவன் அவனே. அவன் ஒரு நாளும் விடை அனுப்பவில்லை. இரண்டு வாரம் பொறுத்தோம். பின்னர், “விடுமுறை என்று எண்ணி உறங்குவோருக்குப் பரீட்சை உறங்காது” என்று அவனுடைய பெயரையும் சேர்த்துக் குழுவில் எழுதினோம். எழுதிவிட்டு நல்லதைச் செய்த நிறைவோடு உறங்கச் சென்றோம். மறுநாள் அவன் குழுவிலிருந்து விலகியிருந்தான்.

ஆண்டின் நடுப்பகுதியில் பாடசாலைகள் படிப்படியாகத் திறக்கப்பட்டபோது அவன் வரவில்லை. சில வாரங்களுக்குப் பிறகு, கடைவீதியில் ஓர் இரும்புக் கடைக்குப் பூட்டு ஒன்று வாங்கச் சென்றோம். கல்லாவுக்குப் பின்னால் நின்று ஆணி நிறுத்துக் கொண்டிருந்தவன் அவன்தான். எம்மைக் கண்டதும் தராசைக் கீழே வைத்தான்.

“ஏன் தம்பி வரவில்லை?” என்று கேட்டோம்.

“வீட்டில ஒரு போன்தான் சேர். அது வாப்பாட. அவர் லொறியோட போவார். ராவைக்கு வந்தா தங்கச்சி ரெண்டு பேரும் பாடம் எழுதணும். எனக்குக் கிடைக்கிறப்ப டேட்டா முடிஞ்சிரும். நீங்க எழுதினதை வாப்பாதான் முதல்ல பாத்தார்.”

அவ்வளவுதான் சொன்னான். குற்றஞ்சாட்டும் தொனி அவனிடம் இருக்கவில்லை. பூட்டைத் தாளில் சுற்றிக் கொடுத்தான். நாமோ மீதிப் பணத்தை வாங்கவும் மறந்து வெளியே வந்தோம். மகன் படிக்கவில்லை என்று ஊரறிய எழுதப்பட்டதை, பகலெல்லாம் லொறி ஓட்டிவிட்டு வந்த தந்தை தம் தொலைபேசியிலேயே வாசித்திருக்கின்றார். இரண்டு தங்கையரும் படிக்கட்டும், நான் கடைக்குப் போகிறேன் என்று பதினைந்து வயதுப் பிள்ளை முடிவு செய்திருக்கின்றான். எம்முடைய ஒரு வரி அந்த முடிவை எளிதாக்கிக் கொடுத்திருக்கின்றது.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. 2019 இல் அரசாங்கப் புள்ளிவிபரத் திணைக்களம் எடுத்த கணக்கின்படி, நாட்டிலுள்ள குடும்பங்களில் கணினி இருந்தவை ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம், அவ்வளவே. எண்களோடு பழகிய நாம் இந்தக் கணக்கை மறந்துதான் முப்பத்தைந்து வீடுகளுக்கும் பாடம் சேர்ந்துவிட்டதென்று மகிழ்ந்தோம்.

ஒக்டோபரில் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டபோது வேறு வழியைப் பார்த்தோம். பாடங்களைக் கையால் எழுதி, கடைவீதியில் போட்டோக் கொப்பி எடுக்கும் கடையொன்றில் கொடுத்தோம். கடைக்காரரான ஹாஜியார் தாளுக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டார். “மையும் கரண்டும் என்ட கணக்கு, மாஸ்டர்” என்றார். அவருடைய கடையிலேயே மாணவர் பெயர் எழுதிய உறைகளை அடுக்கி வைத்தோம். அரிசி பருப்பு வாங்க வரும் பெற்றோர் உறையை எடுத்துச் செல்வர்; விடையை மறுவாரம் கொண்டுவந்து வைப்பர். விடையை மட்டுமன்றி, அடித்துத் திருத்திய செய்கைவழியையும் அப்படியே அனுப்புமாறு கேட்டிருந்தோம். அழித்த வரிகளிலேதான் எமக்கு வேண்டிய செய்தி இருந்தது. முப்பத்துநான்கு உறைகளில் முப்பத்தொன்று ஒவ்வொரு வாரமும் திரும்பி வந்தது. சில தாள்களில் தம்பியின் எழுத்துக்கருகில் அக்காவின் எழுத்திலே திருத்தம் இருக்கும். எழும்பூரிலே எட்டு வயதுப் பிரிஸ்கின் செய்ததை அக்குறணைத் தமக்கையர் செய்துகொண்டிருந்தார்கள்.

அப்படியானால் தாளே சிறந்த கருவி என்று முடிவு கட்டிவிடலாமா? காலம் அதற்கும் இடங்கொடுக்கவில்லை. 2022 இல் நாட்டின் பொருளாதாரம் சரிந்தபோது அச்சுத்தாளுக்கும் பஞ்சம் வந்தது. மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே தள்ளிவைத்தார்கள். மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டது. போட்டோக் கொப்பிக் கடை இருளில் கிடந்தது. தொலைபேசிகளில் மின்னூட்டம் இல்லை. அந்நாள்களில் எம்மோடு வகுப்பறையில் நின்றவை கரும்பலகையும் வெண்கட்டியுமே. சன்னல்களைத் திறந்து வைத்து வானத்து வெளிச்சத்தில் கணக்குச் செய்தோம்.

இதனால் புதுக் கருவிகளை வெறுக்கிறோம் என்று வாசகர்கள் கொள்ளலாகாது. கூம்பை வெட்டினால் தோன்றும் வளைவுகளைக் கரும்பலகையில் வரைந்து காட்ட நாம் பட்ட பாட்டை, திரையிலே ஒரு படம் அரை நிமிடத்தில் தீர்த்துவைக்கின்றது. இன்று வினாவைத் தட்டச்சிட்டால் விடையை வரிவரியாக எழுதிக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. எம் மாணவர் சிலர் அதனிடம் கேட்டுக்கொண்டுதான் வகுப்புக்கு வருகிறார்கள். நாமும் கேட்டுப் பார்த்தோம். பல வேளைகளில் நன்றாகவே விளக்குகின்றது. பேருந்து வசதியில்லாத மலையடிவாரத்துப் பிள்ளைக்கு நல்லாசிரியரின் விளக்கம் அதன்வழி கிட்டுமானால் நாம் மகிழ்வோம்.

ஆனால் எந்தக் கருவி வந்தாலும் அதனிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கப் பழகியிருக்கின்றோம். இது வகுப்பிலுள்ள கடைசிப் பிள்ளையின் கைக்கும் எட்டுமா? பிள்ளை பிழைவிடும் இடத்தை எம் கண்ணுக்குக் காட்டுமா? மணல் இரண்டிற்கும் ஆம் என்றது. அச்சுநூல் முதலாவது கேள்விக்கு ஆம் என்று சொல்ல 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் சொல்ல வைத்தது இயந்திரமன்று, அரசின் ஒரு முடிவு. கைத்தொலைபேசிக்கும் கணினிக்கும் அத்தகைய முடிவு இன்னும் வரவில்லை. அது வரும்வரை, எட்டாத பிள்ளை யார் என்று தேடிப் போவது ஆசிரியனின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை நாம் ஒருமுறை தவறவிட்டோம்.

இரும்புக் கடைக்கு நாம் மறுபடியும் சென்றோம். முதலில் அவனுடைய தந்தையாரைக் கண்டு மன்னிப்புக் கேட்டோம். அவர் எம் கையைப் பற்றிக்கொண்டு, “நீங்க படிப்பிக்கத்தானே சேர் எழுதினீங்க” என்றார். அந்தப் பெருந்தன்மை எமக்குத் தண்டனையாகவே இருந்தது. மகனைப் பாடசாலைக்குத் திருப்பி அனுப்ப வீட்டு நிலைமை இடந்தரவில்லை. தங்கையர் இருவரும் படிக்கிறார்கள். அவனோ இப்போது தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரக் கணிதப் பரீட்சைக்கு ஆயத்தமாகின்றான்.

வாரத்தில் இரு மாலைகள், பாடசாலை விட்டதும், பேருந்தைத் தவறவிட்டுக் கடையின் பின்கட்டில் அவனோடு அமர்கின்றோம். அங்கே கரும்பலகை இல்லை. ஆணி வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து, சரக்குக்கு விலை எழுதும் தடித்த பேனையால் சமன்பாடுகளை எழுதுகின்றான். பிழைத்தால் ஒரு கோடு, மறுபடி எழுதுவான். அட்டை நிறைந்ததும் அடுத்த பெட்டி. அவனுடைய தொலைபேசி பக்கத்திலேயே இருக்கின்றது. இப்போது அதை அவனே உழைத்து வாங்கியிருக்கின்றான். வளைகோடு ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் அதையும் திறந்து பார்ப்போம்.

அடுத்த தவணை தொடங்கியதும் முற்றத்தில் கேள்வி கேட்ட மாணவனை அழைத்து விடை சொல்ல வேண்டும். சொல்லுவதைவிட, அவனையும் ஒரு மாலை இரும்புக் கடைக்கு அழைத்துச் செல்லலாம் என்று எண்ணியிருக்கின்றோம். அவனும் கணக்கில் வல்லவன். இருபடிச் சமன்பாட்டில் அண்ணன் தடுமாறும் இடத்தை அவன் சொல்லிக் கொடுக்கட்டும். நாம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கின்றோம்.